சொந்தப் படை குண்டுக்கே பலியானாரா?
கண்டிப்பு அதிகாரியின் பெயர் வசைச்சொல் ஆன கதை!

வாசுதேவநல்லூர்:-

"புது ஆபீசர் எப்படி அண்ணாச்சி?"

"ரொம்ப ஸ்டிரிக்ட்டுய்யா!"

பஜார் டீக்கடையில் இப்படிப் பேச்சு நடந்தால், அது பாராட்டா புலம்பலா என்று சட்டென்று சொல்லிவிட முடியாது. லஞ்சம் வாங்காதவரும் ஸ்டிரிக்ட்டுதான். ஒரு கையெழுத்து குறைகிறது என்று கிழவியை நாலு நடை அலையவிடுபவரும் ஸ்டிரிக்ட்டுதான்!

கடைக்காரர்களின் "கறார்" வேறு. அரபியில் இருந்து வந்த சொல். பேசி முடிவானது என்று பொருள். கறார் விலை என்றால் பேரம் கிடையாது. அதோடு சரி, கோபதாபம் இல்லை.

கிழவியை அலையவிடும் ரகத்துக்கென்றே இங்கிலீஷ்காரன் தனியாக ஒரு சொல் வைத்திருக்கிறான். அது, "மார்ட்டினெட்". சட்டத்தின் நோக்கம் எக்கேடு கெட்டாலும் சரி, எழுத்து பிசகக்கூடாது என்று கீழே இருப்பவர்களை வாட்டி எடுப்பவர்.

இது உண்மையில் ஓர் ஆளின் பெயர். பிரெஞ்சு மன்னர் 14ஆம் லூயியின் காலாட்படையைப் பழக்கிய அதிகாரி அவர். கண்டபடி திரிந்த சிப்பாய்களை வரிசையில் நிறுத்தி, ஓயாமல் கவாத்து வாங்கினார். 1672ல் டச்சுப் போரில், ஒரு கோட்டை முற்றுகையின்போது செத்தார். சுட்டது எதிரி அல்ல, அவர் பக்கத்து பீரங்கியே என்று சொல்லப்படுகிறது. கை தவறியா, வேண்டுமென்றேவா? துப்பு துலங்காத கேஸ்!

அந்த மாதிரிக் கவாத்து 18ஆம் நூற்றாண்டில் ஐரோப்பியக் கம்பெனிகளோடு நம் சீமைக்கும் வந்தது. கவாத்து பழகிய சிப்பாய்களோடு 1759ல் வாசுதேவநல்லூர்க் கோட்டை மீது பாய்ந்தவர் கம்பெனித் தளபதி யூசுப்கான். பூலித்தேவர் ஆட்கள் விரட்டி அடித்தார்கள். 1761ல்தான் கோட்டை அவர் கைக்குப் போயிற்று.

யூசுப்கானும் கண்டிப்புக்குப் பேர்போனவர்தான். பின்னாளில் கம்பெனியையே எதிர்த்து நின்றார். 1764ல் மதுரையில் அவருடைய ஆட்களே பிடித்துக் கொடுக்க, தூக்கில் தொங்கினார்.

குமாஸ்தா அன்பர்களுக்கு ஒரு வார்த்தை. "சார் ரொம்ப ஸ்டிரிக்ட்" என்று மேலதிகாரியின் முகத்துக்கு நேரே சொல்லலாம், சிரித்துக்கொள்வார். "சார் ஒரு மார்ட்டினெட்" என்று மட்டும் வாய் தவறிக்கூடச் சொல்லாதீர்கள். அவர் மேஜையில் அகராதி இருந்தால், சாயந்திரத்துக்குள் மெமோ!