வாக்கும் வைத்தியமும்

நோய்க்கு நிறபேதம் இல்லை, வைத்தியசாலைக்கு இருந்திருக்கிறது. அமெரிக்காவின் 1946ஆம் ஆண்டு ஹில்-பேர்ட்டன் சட்டம் அரச பணத்தில் வைத்தியசாலைகள் கட்ட உதவியது. 'வேறாக, ஆனால் சமமாக' என்ற கொள்கையின்கீழ் கறுப்பினத்தவரை ஒதுக்கிவைக்கவும் அது இடமளித்தது. தென்மாநிலக் கறுப்பருள் மிகப் பெரும்பாலோர் அன்று வாக்களிக்க முடியாதவர்கள். அம்மாநிலப் பிரதிநிதிகள் அவர்களுக்கு அஞ்ச வேண்டியிருக்கவில்லை.

கிரீன்ஸ்பரோ நகரின் கறுப்பின வைத்தியர்களும் நோயாளரும் வழக்காடி 1963இல் அவ்விதியை முறியடித்தனர். போராட்டங்களின் பலனாக 1964இல் சிவில் உரிமைச் சட்டம் வந்தது. 1966இல் மெடிக்கெயர் தொடங்கியபோது, பாகுபாடு காட்டும் வைத்தியசாலைக்குப் பணமில்லை என்றது அரசு. சில மாதங்களுக்குள் ஆயிரத்துக்கு மேற்பட்ட வைத்தியசாலைகள் வழிக்கு வந்தன.

இது நமக்கும் புதிதல்ல. 1948-49இல் குடியுரிமையும் வாக்கும் பறிக்கப்பட்ட மலையக மக்களின் வைத்தியம், நாடெங்கும் இலவச வைத்தியம் பரவியபோதும், நெடுங்காலம் தோட்டக் கம்பனிகளின் கையிலேயே விடப்பட்டிருந்தது.

முன்பு விரிவுரையாளனாக இருந்த நான் இன்று நிற்கும் தொழிற்சாலையில் பலருக்கு இங்கு வாக்கில்லை. வைத்தியரிடம் நோயைச் சொல்ல மொழிபெயர்ப்பாளர் கேட்டால், கிடைப்பது உரிமையாக அல்ல, தயவாகவே. இந்நாட்டுக் குடியுரிமை பெறுவது துரோகமா என்று விவாதிக்கும் நண்பர்கள் இதையும் எண்ணிப்பார்க்க வேண்டும்.