ஆவடி டாங்கியும் அண்டை வீட்டுச் சுவரும்

செவ்வாப்பேட்டை ரோடு ஸ்டேஷனில் காலை வேளையில் சென்னை செல்லும் மின்சார ரயிலில் ஏறுகிறவர்களுக்கு உலக அரசியலைப் பற்றி நினைக்க நேரம் ஏது? உட்கார இடம் கிடைக்குமா என்பதே அப்போதைய பெரும் பிரச்சினை. வேப்பம்பட்டு, திருநின்றவூர், நெமிலிச்சேரி, பட்டாபிராம், இந்துக் கல்லூரி என்று நிலையங்கள் ஒவ்வொன்றாகக் கழிகின்றன. அடுத்தது ஆவடி. அங்கே இறங்குகிறவர்களில் சிலர் நேரே கனரக வாகனத் தொழிற்சாலைக்குப் போகிறார்கள். நம் ராணுவத்தின் டாங்கிகள் உருவாகும் இடம் அது.

ஏரியும் வயலுமாக இருந்த இந்தச் சீமையில் டாங்கி செய்ய வேண்டிய அவசியம் ஏன் வந்தது? பஞ்சாப் எல்லையோ ஈராயிரம் கிலோமீட்டருக்கு அப்பால் இருக்கிறது. இக்கேள்விக்கு விடை தேடிப் புறப்பட்டால், நாடுகள் ஏன் ஒன்றையொன்று நம்புவதில்லை என்ற மிகப் பழைய கேள்வியில் போய் நிற்போம்.

போலீஸ் இல்லாத ஊர்

ஒரு தெருவை எடுத்துக்கொள்வோம். அந்த ஊரில் போலீஸ் ஸ்டேஷன் கிடையாது, கோர்ட்டும் கிடையாது. ஒரு வீட்டுக்காரர் திருட்டுக்குப் பயந்து சுவரை ஓர் அடி உயர்த்துகிறார். அண்டை வீட்டுக்காரர் அதைப் பார்க்கிறார். "இவன் எதற்குச் சுவரை உயர்த்துகிறான்? ஏதோ திட்டம் இருக்கிறது" என்று தாமும் இரண்டு அடி உயர்த்தி, நாயும் வாங்கிக் கட்டுகிறார். முதல் வீட்டுக்காரர் உடனே தடி வாங்குகிறார். இருவரும் நல்லவர்களே. இருவருக்கும் சண்டையில் விருப்பம் இல்லை. ஆயினும் மாதம் ஆக ஆக இருவருக்கும் தூக்கம் குறைகிறது, செலவு கூடுகிறது.

நாடுகளின் கதையும் இதுதான் என்கிறார்கள் யதார்த்தவாதிகள் எனப்படும் அரசியல் அறிஞர்கள். நாடுகளுக்கு மேலே ஓர் அதிகாரி இல்லை. ஐக்கிய நாடுகள் சபை இருந்தாலும், அதன் பாதுகாப்புக் கவுன்சிலில் ஐந்து வல்லரசுகளில் ஒன்று 'வீட்டோ' போட்டால் காரியம் நின்றுவிடும். ஆகவே ஒவ்வொரு நாடும் தன்னைத் தானே காத்துக்கொள்ள வேண்டும். அண்டை நாட்டின் மனசில் என்ன இருக்கிறது என்று யாரும் எட்டிப் பார்க்க முடியாது. கையில் என்ன இருக்கிறது என்பதைத்தான் எண்ண முடியும்.

ஜெர்மனியிலிருந்து அமெரிக்காவில் குடியேறிய ஹான்ஸ் மார்கெந்தோ 1948-ல் வெளியிட்ட நூல் இக்கொள்கைக்கு மூல நூல் போல் ஆயிற்று. அவரைப் போலவே ஜெர்மனியிலிருந்து வந்த ஜான் ஹெர்ஸ், மேலே சொன்ன சுவர்ச் சங்கடத்தை 1950-ல் விளக்கினார். அவர்களுக்குப் பல நூற்றாண்டுகள் முன்பே நம் அர்த்தசாஸ்திரம், அண்டை அரசன் இயற்கைப் பகைவன், அவனுக்கு அடுத்தவன் இயற்கை நண்பன் என்று கணக்குப் போட்டுவிட்டது.

இரண்டு ஆவடிகள்

ஆவடி என்றதும் பெரியவர்களுக்கு நினைவு வருவது 1955 ஜனவரியில் அங்கே கூடிய காங்கிரஸ் மகாசபை. காமராஜர் அப்போது முதலமைச்சர். சோஷலிச மாதிரிச் சமுதாயம் அமைப்போம் என்ற தீர்மானம் அங்கேதான் நிறைவேறிற்று. அதற்கு முந்திய ஆண்டு, 1954 ஏப்ரலில், நேருஜியின் சர்க்கார் சீனாவுடன் பஞ்சசீல ஒப்பந்தம் செய்துகொண்டிருந்தது. சமாதானமாக வாழ்ந்தால் ராணுவத்துக்குப் போகும் பணம் பள்ளிக்கூடத்துக்குப் போகும் என்பது அன்றைய நம்பிக்கை. அதில் தவறு என்ன?

ஆனால் அதே 1954-ல் அமெரிக்கா பாகிஸ்தானுக்கு ஆயுத உதவி தர ஒப்புக்கொண்டது. கம்யூனிஸ்டுகளை எதிர்க்கவே இந்த உதவி, இந்தியாவுக்கு எதிராக அல்ல என்று ஜனாதிபதி ஐசன்ஹோவர் நேருஜிக்குக் கடிதம் எழுதி உறுதி கூறினார். 1965 செப்டம்பரில் பஞ்சாபின் கேம்கரண் பகுதிக்குள் உறுமிக்கொண்டு வந்தவை அந்த உதவியில் கிடைத்த பாட்டன் டாங்கிகளே! கடிதம் எழுதியவர் பொய் சொன்னார் என்பதல்ல. வாக்குறுதி பழசாகிவிடும், டாங்கி மட்டும் இருந்துகொண்டே இருக்கும்.

இடையில் 1962 அக்டோபர் 20-ம் தேதி சீனப் படைகள் எல்லை தாண்டின. ஆயத்தமின்மைக்குப் பழி சுமந்து பதவி இழந்தவர் பாதுகாப்பு மந்திரி வி. கே. கிருஷ்ண மேனன். அவர் மந்திரியாக இருந்தபோதுதான், 1961-ல், ஆவடியில் டாங்கித் தொழிற்சாலை தொடங்கப்பட்டது என்பது சரித்திரத்தின் விசித்திரம். பிரிட்டனின் விக்கர்ஸ் கம்பெனியின் வடிவமைப்பில் உருவான முதல் 'விஜயந்தா' 1965 டிசம்பரில் வெளிவந்தது. செப்டம்பர் யுத்தத்துக்கு அது மூன்று மாதம் பிந்திவிட்டது. 1971 யுத்தத்தில் கலந்துகொண்டது.

அரிசியும் ஓர் ஆயுதமே

அதே 1965-ல் மற்றொரு பற்றாக்குறையும் நம்மை வாட்டிற்று. மழை பொய்த்தது. பி.எல். 480 திட்டத்தின் கீழ் அமெரிக்கக் கோதுமை கப்பல் கப்பலாக வந்தால்தான் பசி தீரும் என்ற நிலை. ஜனாதிபதி ஜான்சன் அதைக் கொஞ்சம் கொஞ்சமாகவே அனுப்பினார். வியட்நாம் யுத்தத்தை இந்தியா குறை கூறியது அவருக்குப் பிடிக்கவில்லை. டாங்கி இருந்தும் தானியம் இல்லாவிட்டால் வாயைத் திறக்க முடியாது என்பதை தில்லி அப்போது உணர்ந்தது.

உணவு மந்திரியாக இருந்தவர் தமிழகத்தின் சி. சுப்பிரமணியம். 1966-ல் மெக்சிகோவிலிருந்து 18,000 டன் கோதுமை விதையைத் தருவிக்கச் செய்தார். விளைச்சல் பெருகிற்று. மார்கெந்தோவும் நாட்டின் பலத்தைப் பட்டியல் போடும்போது படையை மட்டும் சொல்லவில்லை. உணவு, தொழில் திறன், மக்களின் மன உறுதி, சர்க்காரின் தரம் ஆகியவற்றையும் சேர்த்தே சொன்னார். அப்படிப் பார்த்தால் 1955-ன் ஆவடிக்கும் 1965-ன் ஆவடிக்கும் பகை இல்லை.

சுவருக்கு முடிவு உண்டா?

யதார்த்தவாதம் கண்ணைத் திறக்கிறது. ஆனால் அதையே வேதமாகக் கொண்டால் சுவர் ஏறிக்கொண்டே போகும். 1964 அக்டோபரில் சீனா அணுகுண்டு வெடித்தது. இந்தியா 1974-லும், 1998 மே 11, 13 தேதிகளிலும் போக்ரானில் வெடித்தது. அதே மே மாதம் 28-ம் தேதி பாகிஸ்தான் வெடித்தது. மறு வருஷமே கார்கில் யுத்தம். மூன்று வீட்டிலும் சுவர் உயர்ந்தது. எந்த வீட்டில் நிம்மதி உயர்ந்தது?

தடி எடுத்தவனெல்லாம் யதார்த்தவாதி அல்ல. வியட்நாம் யுத்தம் வீண் என்று அமெரிக்காவிலேயே முன்கூட்டி எச்சரித்தவர்களில் மார்கெந்தோ ஒருவர். தன் பலத்தின் எல்லையை அறிவதும் யதார்த்தமே என்பது அவர் கட்சி. மூன்று முறை மோதி ரத்தம் சிந்திய பிரான்சும் ஜெர்மனியும் இன்று சுங்கச் சாவடி இல்லாமல் வியாபாரம் செய்கின்றன. சுவரை இடிக்காமலே அதில் ஒரு வாசல் வைக்க முடியும் என்பதற்கு அது சாட்சி.

விஜயந்தா ஓய்வு பெற்றுவிட்டது. ரஷ்ய வடிவமைப்பில் டி-90 டாங்கிகளும், நம்மவர் வடிவமைத்த அர்ஜுனும் ஆவடியின் பொறுப்பாயின. அர்ஜுனுக்கு இன்ஜின் ஜெர்மனியிலிருந்து வந்தது. பிறர் கையை எதிர்பார்க்கும் சங்கடம் இன்னும் முற்றிலும் தீர்ந்தபாடில்லை.

மாலை ரயிலில் ஆவடியில் ஏறிய தொழிலாளி செவ்வாப்பேட்டையில் இறங்கி வீட்டுக்கு நடக்கிறார். அவர் செய்யும் டாங்கி பலமாக இருக்க வேண்டும். அது கொட்டகையை விட்டு யுத்தத்துக்குப் புறப்படாமலும் இருக்க வேண்டும். முதலாவதை அவர் பார்த்துக்கொள்வார். இரண்டாவதைப் பார்த்துக்கொள்ள வேண்டியவர்கள் தலைநகரங்களில் இருக்கிறார்கள். அவர்களைத் தேர்ந்தெடுத்து அனுப்புகிறவர்கள் நாம்.