கரிய மணியும் அதன் பெயரும்

புத்தளம் நகருக்கு வடக்கே, வில்பத்துக் காட்டின் ஓரத்தில் அமைந்த ஊர் எலுவன்குளம். மாத்தளைப் பக்கத்து மேட்டு நிலங்களில் தோன்றிக் கலாவாவியில் தேங்கிப் பின் வறண்ட காடுகளினூடே வரும் கலா ஓயா இவ்வூரை அடுத்துக் கடலை அடைகின்றது. ஆறுகள் நீரை மட்டும் கொண்டு வருவதில்லை. சிதைந்த மலைப்பாறைகளின் மணிகளையும் சுமந்து வருகின்றன. கரையிலே இலேசான வெண்மணலை அலை அள்ளிச் செல்ல, பாரமான மணிகள் பின்தங்குகின்றன. சுளகிலே புடைக்கும்போது பதர் பறக்க நெல் தங்குவது போன்றதே இது.

உலோகம் போல மினுங்கும் கரிய மணியொன்று ஆற்றுப் பரலிலோ கடற்கரையிலோ ஒருவர் கையிற் கிடைத்தால், அதன் பெயரை அறிவது எவ்வாறு? நிறத்தையும் மினுக்கத்தையும் கொண்டே தீர்ப்புச் சொல்லலாகுமா? இவ்வினாவுக்குத் தக்க விடை, இலங்கையிலே 1904ஆம் ஆண்டில் நடந்த ஒரு நிகழ்ச்சியில் உண்டு.

சப்பிரகமுவாவில் பலாங்கொடைப் பகுதியின் ஆற்றுப் பரலிலே கனசதுர வடிவான சிறு கரிய பளிங்குகளை ஹொலண்ட் என்பார் கண்டெடுத்தார். இலங்கைக் கனிப்பொருளாய்வுப் பகுதியின் தலைவராக அப்போது விளங்கியவர் ஆனந்த குமாரசுவாமி. பிற்காலத்தில் கீழைத்தேயக் கலைகளின் மாண்பை உலகறியச் செய்த அதே பேரறிஞரே அவர். அப்பளிங்குகள் முதலில் யுரேனினைற்று என்றே கருதப்பட்டன. அக்கருத்து நியாயமற்றதன்று, யுரேனினைற்றும் கரியது, மிகப் பாரமானது, கனசதுரமாகவும் அமைவது. ஆனால் இலண்டனில் இம்பீரியல் நிலையத்தைச் சேர்ந்த டன்ஸ்ரன் இரசாயனப் பகுப்பாய்வு செய்தபோது, நூற்றுக்கு எழுபது பங்குக்கு மேல் தோரியம் ஒட்சைட்டே அதில் இருந்தது. உலகம் அதுவரை அறியாத அக்கனிப்பொருளுக்குத் தோரியனைற்று என்ற பெயர் வழங்கலாயிற்று.

இதன் பயன் பெயரோடு நின்றுவிடவில்லை. தோரியனைற்றிலிருந்து பெற்ற பொருளை 1905இல் இலண்டனில் ஆராய்ந்த ஒற்றோ ஹான் என்ற இளைஞர், ரேடியோதோரியம் என்னும் புதிய கதிரியக்கப் பொருளைக் கண்டார். அணுப்பிளவைக் கண்டறிந்தமைக்காகப் பின்னர் நோபல் பரிசு பெற்றவர் இவரே. யுரேனினைற்று என்ற முதற்பெயரோடு எவரும் மனநிறைவு கொண்டிருந்தால், இக்கதவு அன்று திறந்திராது.

இனி, வெளிக்களத்தில் செய்யத்தக்க சோதனைகளைக் காண்போம். முதலாவது காந்தம். மக்னற்றைற்று காந்தத்தோடு சட்டென ஒட்டும், இல்மனைற்று சிறிதளவே ஈர்க்கப்படும், தோரியனைற்று ஒட்டாது. இரண்டாவது வடிவம். தோரியனைற்று பெரும்பாலும் கனசதுரம். சில வேளைகளில் இரு கனசதுரங்கள் ஒன்றையொன்று ஊடுருவி நிற்கும். ஆயினும் ஆற்றிலே நெடுந்தூரம் உருண்ட மணியின் முனைகள் தேய்ந்திருக்கும். ஆகவே வடிவம் இல்லையென்று ஒன்றைத் தள்ளிவிடலாகாது.

மூன்றாவதும் சிறந்ததும் தன்னீர்ப்பு; அதாவது, அதே கனவளவுள்ள நீரைவிட எத்தனை மடங்கு பாரம் என்பது. மணியை நூலிற் கட்டி முதலில் காற்றிலும் பின் நீரில் அமிழ்த்தியும் நிறுக்க வேண்டும். காற்றிலே 19 கிராமும் நீரிலே 17 கிராமும் நின்றால், குறைவு 2 கிராம். பத்தொன்பதை இரண்டால் வகுக்க ஒன்பதரை வரும். வெண்கல்லாகிய படிகத்துக்கு இவ்வெண் 2.65, கரிய தூமலினுக்கு ஏறத்தாழ 3, இல்மனைற்றுக்கு ஏறத்தாழ 4.7, மக்னற்றைற்றுக்கு 5.2. ஒன்பதைத் தாண்டும் கரிய மணி அரிதினும் அரிது. சிறு மணிகளுக்கு நுண்ணிய தராசு தேவை என்பதை மறத்தலாகாது.

இவ்வளவு செய்தும் தோரியனைற்றையும் யுரேனினைற்றையும் கையால் உறுதியாகப் பிரித்தறிதல் இயலாது. கதிரியக்கமானியும் அங்கே துணைசெய்யாது, இரண்டும் கதிரியக்கமுடையனவே. பகுப்பாய்வே முடிவு கூறும்.

ஒரு எச்சரிக்கையும் உண்டு. இத்தகைய மணியென ஐயம் எழுமாயின் அதனைச் சட்டைப்பையில் வைத்துத் திரிதல், பொடியாக்குதல், படுக்கையறையில் சேமித்தல், சிறுவர் கையிற் கொடுத்தல் ஆகியவை ஆகா. தூசு உடலினுட் செல்வதே பெருங்கேடு. தொட்ட கையைக் கழுவி, மணியை மூடிய கலத்தில் இட்டு, எடுத்த இடத்தைக் குறித்து, புவிச்சரிதவியல் அளவை சுரங்கப் பணியகத்தின் அறிஞரிடம் ஒப்படைத்தலே முறை. வில்பத்துப் போன்ற காப்புக் காடுகளிலிருந்து கல்லேனும் எடுத்தல் சட்டத்துக்கு மாறானது என்பதையும் அறிதல் வேண்டும்.

கரையில் மினுங்கும் மணிகளுள் பெரும்பாலானவை எளிய இல்மனைற்றாகவே முடியும். அதனால் தேடியவரின் உழைப்பு வீணாகாது. ‘இதுவன்று’ என்று சோதித்துச் சொல்வதும் அறிவே. பலாங்கொடைப் பளிங்கின் மெய்ப்பெயர் வெளிப்பட்டதும், அதற்கு முதலிற் சூட்டிய பெயரைச் சோதித்துப் பார்த்தமையினாலன்றோ!