ஒரு டிராவின் விலை

(இயந்திரவியல் மூன்றாம் ஆண்டு மாணவன்)



மலருக்குக் கால்பந்து பற்றி ஒரு கட்டுரை தரப்போகிறேன் என்றதும் பக்கத்து பெஞ்சு நண்பன் சிரித்துவிட்டான். "ஏண்டா, மயிலாப்பூர்க்காரன் நீ. கிரிக்கெட்டைப் பத்தி எழுதினா நாலு பேர் படிப்பான். ஃபுட்பால் எவன்டா படிப்பான்?" என்றான். அவன் கேட்டதிலும் தப்பில்லை. ஞாயிற்றுக்கிழமை காலையில் தி.நகர் சோமசுந்தரம் மைதானத்துக்குப் போய்ப் பாருங்கள். ஒரே திடலில் எத்தனை கிரிக்கெட் ஆட்டம் நடக்கிறது என்று எண்ணவே முடியாது. ஒரு மேட்சில் அடித்த பந்தை இன்னொரு மேட்ச் ஃபீல்டர் எடுத்து எறிவான். கால்பந்து ஆட வேண்டுமானால் நந்தனம் ஒய்.எம்.சி.ஏ. பக்கமோ, பெசன்ட் நகர் மணலுக்கோதான் போக வேண்டும்.

சரி, உங்களுக்கு ஒரு கேள்வி. 'சென்னை' என்று பெயர் வைத்த ஒரு அணி தேசிய ஐ-லீக் கால்பந்தில் சாம்பியன் ஆனது எந்த வருஷம்?

எங்கள் வகுப்பில் பத்துப் பேரிடம் கேட்டேன். ஏழு பேர் கையை விரித்தார்கள். மூன்று பேர் "சென்னையின் எஃப்.சி.தானே? 2015, 2018" என்றார்கள். அது ஐ.எஸ்.எல். போட்டி. நான் கேட்டது வேறு. சரியான விடை 2018-19 பருவம். அணியின் பெயர் சென்னை சிட்டி எஃப்.சி. அந்த ஒரு பருவத்தின் கதையை வைத்து, லீக் என்றால் என்ன, அதில் ஒரு புள்ளிக்கு என்ன மதிப்பு என்று விளக்குவதுதான் இந்தக் கட்டுரை.

வைவாவும் இன்டர்னலும்

நாக்-அவுட் போட்டி நம் வைவா மாதிரி. அன்றைக்கு நன்றாகச் சொன்னால் தப்பித்தோம், உளறினால் போச்சு. லீக் அப்படி இல்லை. அது இன்டர்னல் மார்க் மாதிரி. ரெக்கார்டு நோட்டு, வருகைப் பதிவு, சைக்கிள் டெஸ்ட் எல்லாம் சேர்ந்து, சொட்டுச் சொட்டாகக் கடைசியில் ஒரு கூட்டுத்தொகை வருகிறதே, அதுதான் லீக்.

2018-19 ஐ-லீக்கில் 11 அணிகள். ஒவ்வொரு அணியும் மற்ற 10 அணிகளோடு இரண்டு முறை ஆட வேண்டும்: சொந்த மண்ணில் ஒன்று, எதிரியின் மண்ணில் ஒன்று. ஆக 20 ஆட்டங்கள். வெற்றிக்கு 3 புள்ளி, டிராவுக்கு 1, தோல்விக்குப் பூஜ்யம்.

வெற்றிக்கு ஏன் 3? முன்பெல்லாம் 2 புள்ளிதான். இரண்டு அணியும் பேசாமல் பந்தைத் தட்டிக்கொண்டிருந்தால் ஆளுக்கு 1 புள்ளி உத்தரவாதம். எதற்கு ரிஸ்க் எடுப்பானேன் என்று இருந்துவிடுவார்கள். இதை மாற்றத்தான் இங்கிலாந்தில் 1981-ல் வெற்றிக்கு 3 புள்ளி கொண்டுவந்தார்கள். உலகக் கோப்பையில் 1994-ல் வந்தது. டிராவின் மதிப்பு பாதியிலிருந்து மூன்றில் ஒரு பங்காக இறங்கியது. அப்படி இறங்கிய அந்த ஒற்றைப் புள்ளிதான் நம் கதையின் நாயகன்.

எட்டாம் இடத்திலிருந்து

சென்னை சிட்டி 2016-17 பருவத்தில் ஐ-லீக்குக்கு வந்தது. அந்த முதல் வருஷம் பெரியமேடு நேரு ஸ்டேடியத்தில் ஆடினார்கள். அடுத்த பருவத்திலிருந்து சொந்த மைதானம் கோவை நேரு ஸ்டேடியம். பெயர் சென்னை, வீடு கோயம்புத்தூர்! நடுவில் சுமார் 500 கிலோமீட்டர். 2017-18-ல் 10 அணிகளில் 8-வது இடம். இந்த டீம் அடுத்த வருஷம் கோப்பை தூக்கும் என்று அன்றைக்கு யாராவது சொல்லியிருந்தால் நாமே சிரித்திருப்போம்.

பயிற்சியாளர் சிங்கப்பூரைச் சேர்ந்த அக்பர் நவாஸ். ஸ்பெயினிலிருந்து நான்கு பேரைக் கொண்டுவந்தார்கள்: பெட்ரோ மான்சி, நெஸ்டர் கோர்டில்லோ, சாண்ட்ரோ ரோட்ரிகஸ், ராபர்ட்டோ எஸ்லாவா. அவர்களோடு எட்வின் சிட்னி வான்ஸ்பால், அலெக்சாண்டர் ரொமாரியோ ஜேசுராஜ் போன்ற நம் தமிழ்நாட்டுப் பையன்கள். பந்தைத் தூக்கி அடித்துவிட்டு ஓடும் ஆட்டம் இல்லை இது. காலடியில் வைத்து, சின்னச் சின்ன பாஸாகக் கொடுத்து, பொறுமையாக மேலே ஏறும் ஆட்டம்.

2018 அக்டோபரில் கோவையில் முதல் ஆட்டம். இந்தியன் ஏரோஸ் அணியை 4-1 என்று வென்றார்கள். மான்சிக்கு ஹாட்ரிக். மொத்தப் பருவத்தில் அவர் போட்டது 21 கோல். அணி போட்டது 48. ஈஸ்ட் பெங்கால், மோகன் பகான் என்று நூறாண்டுப் பாரம்பரியம் உள்ள கொல்கத்தா அணிகள் இருக்கும் பட்டியலில், நேற்று வந்த அணி மேலே உட்கார்ந்துவிட்டது.

கடைசி சனிக்கிழமை

2019 மார்ச் 1-ம் தேதியே கோவாவில் கதையை முடித்திருக்கலாம். ஆனால் சர்ச்சில் பிரதர்ஸிடம் 3-2 என்று தோற்றார்கள். ஆக 19 ஆட்டம் முடிந்தபோது சென்னை சிட்டி 40 புள்ளி, ஈஸ்ட் பெங்கால் 39.

மார்ச் 9, சனிக்கிழமை. கோவையில் சென்னை சிட்டிக்கும் முந்தைய ஆண்டுச் சாம்பியன் மினர்வா பஞ்சாபுக்கும் ஆட்டம். கோழிக்கோட்டில் ஈஸ்ட் பெங்காலுக்கும் கோகுலம் கேரளாவுக்கும் ஆட்டம். இரண்டும் ஒரே நேரத்தில். இதற்கும் காரணம் உண்டு. 1982 உலகக் கோப்பையில் ஒரு பிரிவின் கடைசி ஆட்டங்கள் வேறு வேறு நாளில் நடந்தன. என்ன முடிவு வந்தால் இருவருக்கும் லாபம் என்று முன்கூட்டியே தெரிந்துகொண்ட மேற்கு ஜெர்மனியும் ஆஸ்திரியாவும், ஒரு கோல் விழுந்தபின் ஆட்டத்தையே ஆடாமல் ஆடினார்கள். அல்ஜீரியா வெளியே போனது. அதற்குப் பிறகுதான் கடைசிச் சுற்றை ஒரே நேரத்தில் வைக்கும் வழக்கம் வந்தது.

அப்போது நான் எட்டாம் வகுப்பு. பங்குனித் திருவிழாவுக்காக மாட வீதியில் பந்தல் வேலை நடந்துகொண்டிருந்தது. என் மாமா ஒருத்தர் இளவயதில் கம்பெனி டீமில் பந்து ஆடியவர். அவர்தான் "வாடா, நம்ம ஊரு டீம் சாம்பியன் ஆகப்போவுது" என்று திண்ணையில் உட்காரவைத்தார். மாமா கையில் ஒரு போன், என் கையில் அம்மாவுடைய போன். ஒன்றில் கோவை, இன்னொன்றில் கோழிக்கோடு.

மூன்றாவது நிமிடமே மினர்வா கோல் போட்டுவிட்டது. எனக்கு அழுகை வந்துவிட்டது. மாமா மட்டும் அசையவில்லை. "இப்பவும் நாமதான்டா முதல்ல" என்றார். எப்படி?

கணக்கு போடுங்கள். சென்னை தோற்றால் 40-லேயே நிற்கும். கோழிக்கோட்டில் அப்போது 0-0. அது டிரா ஆனால் ஈஸ்ட் பெங்காலுக்கும் 40. சமம்! சமமானால், ஐ-லீக் விதிப்படி அந்த இரண்டு அணிகளும் தங்களுக்குள் ஆடிய ஆட்டங்களைத்தான் முதலில் பார்ப்பார்கள். அந்தப் பருவத்தில் ஈஸ்ட் பெங்காலை சென்னை சிட்டி இரண்டு முறையும் வென்றிருந்தது. அதனால் பாதி ஆட்டம் முடிந்தபோது, தோற்றுக்கொண்டே முதலிடத்தில் இருந்தார்கள்!

இரண்டாம் பாதியில் மான்சி பெனால்டியில் சமன் செய்தார். பிறகு கௌரவ் போரா ஒரு கோல் போட்டார், 2-1. அங்கே கோழிக்கோட்டில் கோகுலம் முன்னிலை பெற்றதும், திண்ணையில் நான் குதித்தேன். ஆனால் ஈஸ்ட் பெங்கால் விடவில்லை. முதலில் சமன் செய்தது, அப்புறம் 2-1 என்று முந்திவிட்டது. இப்போது கோவையில் ஒரே ஒரு கோலை மினர்வா திருப்பிப் போட்டால் எல்லாம் போச்சு. சென்னை 41, ஈஸ்ட் பெங்கால் 42 ஆகிவிடும். அந்தக் கடைசி நிமிடங்களில் மாமாவும் வாய் திறக்கவில்லை. கூடுதல் நேரத்தில் போரா இன்னொரு கோல் போட்டார். 3-1. முடிந்தது.

வீதியில் யாரும் வெடி வெடிக்கவில்லை. பந்தல்காரர்கள் பாட்டுக்கு மூங்கில் கட்டிக்கொண்டிருந்தார்கள். மாமா டீக்கடைக்குக் கூட்டிப்போய் எனக்கு ஒரு பால்கோவா வாங்கிக் கொடுத்தார். எங்கள் தெருவின் வெற்றி விழா அவ்வளவுதான்.

அந்த ஒரு புள்ளி எங்கிருந்து வந்தது?

இறுதிப் பட்டியலைப் பாருங்கள்.

சென்னை சிட்டி: 13 வெற்றி, 4 டிரா, 3 தோல்வி. 43 புள்ளி.
ஈஸ்ட் பெங்கால்: 13 வெற்றி, 3 டிரா, 4 தோல்வி. 42 புள்ளி.

கவனித்தீர்களா? வெற்றி இரண்டு பேருக்கும் 13-தான். பெரிய ஆட்டங்கள், ஹாட்ரிக்குகள் எல்லாம் கழித்துப் பார்த்தால், வித்தியாசம் ஒன்றே ஒன்று. ஈஸ்ட் பெங்கால் தோற்ற இடத்தில், சென்னை சிட்டி ஒரே ஒரு ஆட்டத்தைத் தோற்காமல் காப்பாற்றி டிரா செய்திருக்கிறது. அந்த டிராவுக்கு அன்றைக்கு யாரும் கை தட்டியிருக்க மாட்டார்கள். "சே, ஜெயிக்கல" என்றுதான் சொல்லியிருப்பார்கள். ஆனால் கோப்பை அந்தப் புள்ளியில்தான் இருந்தது.

கோப்பைக்குப் பிறகு

கதை இங்கே முடிந்தால் சுபம் போட்டுவிடலாம். முடியவில்லை.

அதே 2018-19-ல் பெரியமேட்டில் ஆடிய சென்னையின் அணி ஐ.எஸ்.எல். பட்டியலில் கடைசி இடம். சென்னையில் ஆடியவர்கள் கடைசி, கோவையில் ஆடிய 'சென்னை' முதல். இந்த வேடிக்கையைச் சென்னைவாசிகளே பெரும்பாலும் கவனிக்கவில்லை. அடுத்த பருவத்திலிருந்து, நாட்டின் முதல் நிலை லீக் என்ற தகுதி ஐ.எஸ்.எல்.-க்குப் போனது. ஐ-லீக் ஒரு படி கீழே இறங்கியது. அந்த வகையில், முதல் நிலையில் இருந்த ஐ-லீக்கின் கடைசிச் சாம்பியன் சென்னை சிட்டிதான்.

அந்தப் பட்டத்தால் ஆசிய சாம்பியன்ஸ் லீக் தகுதிச் சுற்று வாய்ப்பு கிடைத்தது. 2020 ஜனவரியில் பஹ்ரைனின் ரிஃபா அணியோடு ஆட்டம். 'சொந்த மண்' ஆட்டம்தான், ஆனால் நடந்தது அகமதாபாத்தில். 0-1 தோல்வி. இதற்குள் நெஸ்டர் ஹைதராபாத்துக்கும், எட்வின் சென்னையின் அணிக்கும் போயிருந்தார்கள். மான்சி ஜப்பானுக்குப் போனார். ஸ்விட்சர்லாந்தின் பாசல் கிளப் 26 சதவீதப் பங்கு வாங்கியிருந்தும் அணி நிலைக்கவில்லை. 2021-22 பருவத்தில், கிளப் உரிமத் தகுதிகளை நிறைவு செய்யவில்லை என்று சென்னை சிட்டி லீக்கிலிருந்து நீக்கப்பட்டது. கோப்பை தூக்கி மூன்று வருஷம் ஆவதற்குள் பட்டியலில் பெயரே இல்லை!

ஏன் என்பதற்கு ஆளுக்கொரு காரணம் சொல்வார்கள். எனக்குப் படுவது இது. ஒரு கிளப் என்பது 11 பேர் மட்டும் இல்லை. தனக்கென்று மைதானம், இளைஞர் அணி, ஒழுங்கான கணக்கு, மழையோ வெயிலோ வந்து உட்காரும் ஊர்க்காரர்கள், எல்லாம் சேர்ந்ததுதான் கிளப். நம் பாஷையில் சொன்னால், மெஷின் எவ்வளவு நல்லதாக இருந்தாலும் ஃபவுண்டேஷன் போல்ட் இறுக்கவில்லை என்றால் ஓட ஓட நகர்ந்துவிடும். கோவை ரசிகர்கள் வந்தார்கள், கத்தினார்கள், பாராட்ட வேண்டும். நாம்? பெயரை மட்டும் கொடுத்துவிட்டு இங்கேயே உட்கார்ந்திருந்தோம்.

கடைசியாக ஒன்று

போன செமஸ்டரில் எனக்கு ஒரு பாடத்தில் மிகச் சரியாகப் பாஸ் மார்க். வீட்டில் சொல்லவே கூச்சமாக இருந்தது. மாமாவிடம் மட்டும் சொன்னேன். "தோக்காம வந்தியா? அது போதும். ஒரு டிராவுக்கு என்ன விலைன்னு உனக்குத் தெரியாதா?" என்றார்.

தோழர்களே, எல்லா நாளும் ஹாட்ரிக் அடிக்க முடியாது. முடியாத நாளில் தோற்காமல் வாருங்கள். அந்த ஒரு புள்ளி மார்ச் மாதத்தில் உதவும். இன்னொன்று: இந்த ஞாயிற்றுக்கிழமை பக்கத்து மைதானத்தில் ஏதாவது ஒரு சின்ன கால்பந்து ஆட்டம் நடந்தால், பத்து நிமிடம் நின்று பார்த்துவிட்டுப் போங்கள். இன்னொரு சாம்பியன் வரும்போதாவது அது நம் ஊரிலேயே ஆடட்டும்.