எல்லாம் ஃப்ரீதான், ஆனா எங்கே தொடங்குறது?

(ஒலிபரப்பான எபிசோடின் செம்மைப்படுத்திய எழுத்து வடிவம். பேச்சு நடையை முடிந்தவரை அப்படியே விட்டிருக்கிறோம்.)

குழித்துறையில் எனக்கு ஒரு சித்தி மகள் இருக்கா. பி.காம் முடிச்சிட்டு மார்த்தாண்டத்துல ஒரு ஜவுளிக்கடையில் பில்லிங் பார்க்கிறா. ஆறு மாசம் முன்னாடி ஒரு நாள், "எண்ணே, எனக்குச் சரித்திரம் படிக்கணும். காலேஜுக்குக் கட்ட காசில்லே, என்ன செய்ய?"ன்னு கேட்டா. "இப்போ எல்லாம் ஃப்ரீயா கிடைக்குது பிள்ளே"ன்னு சொல்லி, பத்துப் பன்னிரண்டு லிங்க்கை வாட்ஸ்அப்பில் தள்ளிவிட்டேன். பெரிய உதவி செஞ்ச மாதிரி ஒரு நினைப்பு வேற.

மூணு மாசம் கழிச்சுப் பார்த்தா, அவ ஒண்ணுகூட முழுசாப் பார்க்கலை. "ஒண்ணைத் திறந்தா ஆயிரம் புத்தகம் வருது. அதுல எது எனக்குன்னு தெரியல்லே." தப்பு அவ மேல இல்லை. பெரிய நூலகத்துக் கதவைத் திறந்துவிட்டுட்டு, உள்ளே விளக்குப் போடாம வந்தது நான்தான்.

அதனால இரண்டாவது தடவை ஊர்லேர்ந்தே தொடங்கினோம். முஞ்சிறைக்குப் பக்கத்துல பார்த்திவபுரம். நம்ம பக்கத்துல பலரும் கோயிலுக்குப் போயிருப்பாங்க. கி.பி. 866ல ஆய் மன்னர் கருநந்தடக்கன் அங்கே ஒரு சாலை ஏற்படுத்தினார். சாலைன்னா இங்கே ரோடு இல்லை, கல்விக்கூடம். முஞ்சிறைச் சபைகிட்ட நிலம் வாங்கி, பதிலுக்கு வேற நிலம் கொடுத்து, 95 மாணவர்களுக்குச் சாப்பாட்டோட படிப்பு. இந்த விவரமெல்லாம் ஒரு செப்பேட்டில் இருக்கு. அது திருவனந்தபுரம் ஹஜூர் ஆபீஸில் இருந்ததால ஹஜூர் ஆபீஸ் செப்பேடுன்னே பேர். படிச்சு, அச்சில் கொண்டுவந்தவர் கோபிநாத ராவ். திருவிதாங்கூர் தொல்லியல் வரிசைன்னு ஒரு தொகுப்பு, ஆங்கிலத்தில். ஒரு காலத்துல இதைப் பார்க்க பெரிய நூலகத்துக்குப் போய், அனுமதிக் கடிதம் காட்டணும். இன்னைக்கு இன்டர்நெட் ஆர்க்கைவ்ல இலவசமா, போன்லயே படிக்கலாம்.

தேடும்போது ஒரு சிக்கல் உண்டு. நம்ம ஊர்ப் பேரை இன்னைக்கு எழுதுற ஸ்பெல்லிங்ல போட்டா எதுவும் கிடைக்காது. வெள்ளைக்காரன் காலத்து ஸ்பெல்லிங் வேணும். திருவிதாங்கூர்னு போடாதீங்க, டிராவன்கூர்னு போடுங்க. சிதறால் மலையைப் பற்றித் தேடுறவங்க சித்ரால்னு அடிச்சா, பாகிஸ்தான் மலைப்பகுதிதான் வரிசையா வரும்! சமணக் கோயில், ஆய் மன்னன்னு கூட ஒரு சொல் சேர்த்துக்கணும்.

தமிழ்ல படிக்கணும்னா வேற வழி. மதுரைத் திட்டம் 1998 பொங்கலன்னைக்குத் தொடங்கினது. சுவிட்சர்லாந்தில் இருந்த கல்யாணசுந்தரம் முன்னின்று நடத்த, உலகம் பூராவும் இருக்கிற தன்னார்வலர்கள் நூல்களைத் தட்டச்சு செஞ்சு, பிழை திருத்திப் போட்டாங்க. தட்டச்சு செஞ்சதால உள்ளே ஒரு சொல்லைத் தேட முடியும். தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்நூலகத்தில் புத்தகம் ரொம்ப அதிகம். ஆனா பெரும்பாலும் ஸ்கேன், பக்கம் பக்கமாப் புரட்டணும். இந்த வித்தியாசம் முதல்லயே தெரிஞ்சா எரிச்சல் பாதி குறையும். ஈழத்து நூல்கள், பத்திரிகைகள், நினைவு மலர்கள் வேணும்னா 2005ல தொடங்கின நூலகம் தளம். யாழ்ப்பாணத்துல இறந்தவர் நினைவா அச்சடிக்கிற சின்னப் புத்தகத்துக்குக் கல்வெட்டுன்னே பேர்ங்கிறது எனக்கு அங்கேதான் தெரிஞ்சுது.

இது எல்லாம் சட்டப்படி எப்படி ஃப்ரீ? இந்தியாவில் எழுத்தாளர் இறந்து 60 ஆண்டு ஆனா பதிப்புரிமை முடிஞ்சுது. தேரூர்க்காரர் கவிமணி 1954ல இறந்தார், 2015லேர்ந்து அவர் எழுத்து எல்லாருக்கும் பொது. அவர் கவிஞர் மட்டும் இல்லை, காந்தளூர்ச் சாலையைப் பற்றி ஆராய்ச்சியும் பண்ணினவர். பார்த்திவபுரம் சாலைக்கு மாதிரியே அந்தக் காந்தளூர்தான். இது தவிர, அரசு சில எழுத்தாளர்களோட படைப்புகளை நாட்டுடைமை ஆக்கி, குடும்பத்துக்குப் பரிவுத்தொகை கொடுக்கும். அதுவும் இலவசமா வந்திடும்.

வகுப்பாவே கேட்கணும்னா ஸ்வயம், என்.பி.டி.இ.எல். இருக்கு. பாடம் கேட்க காசில்லை, சான்றிதழ் வேணும்னா கட்டணம் கட்டி, நேர்ல போய்ப் பரீட்சை எழுதணும். ஆனா நிறைய வகுப்பு ஆங்கிலத்தில்தான். இதை யாரும் விளம்பரத்தில் சொல்றதில்லை.

சரி, பிள்ளைக்குத் திரும்பி வருவோம். ராத்திரி கடை விட்டு வந்து, தினமும் ரெண்டு பக்கம், அகராதி பக்கத்துல வச்சுக்கிட்டுப் படிச்சா. ஒரு வாரம் கழிச்சு ஒரு வாய்ஸ் மெசேஜ். "எண்ணே, பவிழிய சரணத்துக்கு 45, தைத்திரியத்துக்கு 36, தலவகாரத்துக்கு 14. கூட்டினா 95, கணக்குச் சரியா வருது." பில்லிங் பார்க்கிறவ இல்லையா! இந்தச் சரணம்னா வேதம் ஓதும் பிரிவு. அதாவது 95 இடமும் வேதம் படிக்கிற பிராமண ஆண்களுக்கு. சாப்பாடு இலவசம், படிப்பு இலவசம், கதவு மட்டும் எல்லாருக்கும் இல்லை.

அடுத்த மெசேஜ் ரெண்டு நிமிஷத்துல வந்துது. "அப்போ அந்த வயல்ல நட்டு அறுத்தவங்களுக்க பிள்ளைங்க என்ன படிச்சாங்க?"

செப்பேட்டில் அதுக்குப் பதில் இல்லை. ஆயிரம் வருஷம் தள்ளி, 1883ல சாமுவேல் மேட்டீர் திருவிதாங்கூர் மக்களோட வாழ்க்கையைப் பற்றி எழுதின புத்தகத்தை அனுப்பியிருக்கேன். அதுவும் ஆர்க்கைவ்ல இலவசம். அவர் லண்டன் மிஷன்காரர், அந்தக் கண்ணாடி வழியாத்தான் பார்ப்பார், சந்தேகத்தோட படின்னும் சொல்லியிருக்கேன். இந்தத் தடவை ஒரே ஒரு லிங்க்தான் அனுப்பினேன்.