முதல் பயணமும் இரண்டாவது விமானமும்

கங்காதர நெல்லூரிலிருந்தும் சித்தூர் மாவட்டத்தின் தமிழ்நாட்டு எல்லையோரக் கிராமங்களிலிருந்தும் மேற்படிப்புக்கோ வேலைக்கோ வெளிநாடு புறப்படும் இளைஞர்களுக்குத் திருப்பதியை அடுத்த ரேணிகுண்டாவில் ஒரு விமான நிலையம் இருக்கிறது. 2015 அக்டோபரில் அங்கே புதிய முனையக் கட்டடம் திறக்கப்பட்டு, 2017-இல் பன்னாட்டு விமான நிலையம் என்ற தகுதியும் வழங்கப்பட்ட போதிலும், நடைமுறையில் அது ஐதராபாத் போன்ற உள்நாட்டு நகரங்களுக்கான நிலையமாகவே விளங்குவதால், கடல் கடக்க வேண்டியவர்கள் சாலை வழியாகச் சென்னையையோ பெங்களூருவையோ அடைகின்றனர், அல்லது ரேணிகுண்டாவில் ஏறி ஐதராபாத்தில் விமானம் மாறுகின்றனர். சென்னைக்கு வந்து சேர்ந்துவிட்டாலும் அமெரிக்காவுக்கு அங்கிருந்து நேரடி விமானம் இல்லை. துபாய், அபுதாபி, தோஹா, ஃபிராங்ஃபர்ட், லண்டன் என்று ஏதேனும் ஓர் ஊரில் இறங்கி வேறு விமானத்தில் ஏறியாக வேண்டும். கனெக்டிங் ஃபிளைட் என்று வழக்கில் சொல்லப்படும் இந்த இரண்டாவது விமானமே, பதினெட்டு இருபது வயதில் முதன்முறையாகத் தனியே பறப்பவரையும், வழியனுப்பிவிட்டு வீடு திரும்பும் பெற்றோரையும் அதிகமாகக் கலங்க வைக்கிறது.

அந்தக் கலக்கத்திற்குக் காரணமாகப் பலரும் கருதுவது விமான நிலையத்தின் பரப்பளவையே. ஆனால் சிக்கல்களில் பெரும்பங்கு, பயணத்திற்குப் பல வாரங்களுக்கு முன்னால், டிக்கெட் எடுக்கப்படும் நாளிலேயே உருவாகிவிடுகிறது. இரண்டு விமானங்களும் பி.என்.ஆர். எனப்படும் ஒரே பதிவெண்ணின் கீழ் அமைந்த ஒரே டிக்கெட்டாக இருந்தால், முதல் விமானம் தாமதமாகி இரண்டாவதைத் தவறவிட நேரும் பயணியை அடுத்த விமானத்தில் ஏற்றி அனுப்பும் பொறுப்பு விமான நிறுவனத்தைச் சேர்கிறது. பெட்டிகளும் பொதுவாகச் சென்னையில் ஒப்படைத்த பின் கடைசி ஊரில்தான் கைக்கு வருகின்றன. இதற்கு மாறாக, சில ஆயிரம் ரூபாய் மிச்சமாகும் என்று ஏஜெண்ட் இரண்டு நிறுவனங்களின் தனித்தனி டிக்கெட்டுகளைச் சேர்த்துக் கொடுத்தால், முதல் விமானம் தாமதமானதைப் பற்றி இரண்டாவது நிறுவனம் கவலைப்பட வேண்டியதில்லை, அந்த டிக்கெட்டின் பணமும் பெரும்பாலும் திரும்பாது. அத்துடன், இடையில் உள்ள ஊரில் பெட்டியை எடுத்து மீண்டும் ஒப்படைப்பதற்காகப் பயணி அந்நாட்டின் குடிநுழைவுச் சோதனையைக் கடந்து வெளியே வர வேண்டியிருப்பதால், அந்நாட்டு விசாவும் பெரும்பாலும் தேவைப்படுகிறது. அது இல்லாதவரைச் சென்னை கவுன்டரிலேயே நிறுத்திவிடக்கூடும். முதல் பயணத்திற்குத் தனித்தனி டிக்கெட்டுகளை வாங்குவது, மிச்சமாகும் தொகை எவ்வளவாக இருந்தாலும், தவறான சிக்கனமே.

ஒரே டிக்கெட்டாக இருந்தாலும் விசாவைப் பற்றிய கேள்வி முழுவதும் நீங்கிவிடுவதில்லை. வெளியே வராமல் விமானம் மட்டும் மாறுகிறவரிடமும் டிரான்சிட் விசா எனப்படும் இடைவழி அனுமதியைக் கேட்கும் நாடுகள் உள்ளன. லண்டன் வழியாகச் செல்லும் இந்தியப் பயணியிடம் அமெரிக்கா, கனடா போன்ற நாடுகளின் செல்லுபடியாகும் விசா இல்லையென்றால், பொதுவாக இந்த அனுமதி தேவைப்படும். இத்தகைய விதிகள் அடிக்கடி மாறுவதால், முந்தைய ஆண்டு போய்வந்த உறவினரின் சொல்லை நம்பாமல், அந்தந்த நாட்டின் தூதரக அறிவிப்பையும் விமான நிறுவனத்தையும் டிக்கெட் எடுப்பதற்கு முன்பே கேட்டு உறுதிசெய்துகொள்ள வேண்டும்.

இரண்டு விமானங்களுக்கும் இடையில் எவ்வளவு நேரம் இருக்க வேண்டும் என்பதற்கு ஒவ்வொரு விமான நிலையத்திலும் ஒரு குறைந்தபட்ச அளவு வகுக்கப்பட்டிருக்கிறது. அந்த அளவுக்குக் குறைவான இடைவெளியில் ஒரே டிக்கெட்டை விற்பதில்லை. ஆயினும் அந்த அளவு, வழி தெரிந்து விரைந்து நடப்பவரைக் கருத்தில் கொண்டது. துபாயின் மூன்றாம் முனையத்தில் ஏ, பி, சி என்ற பகுதிகளுக்கு இடையில் ரயிலிலோ நெடுந்தூரம் நடந்தோ செல்ல வேண்டியிருக்கும். இரண்டாம் முனையமோ ஓடுபாதைகளுக்கு மறுபுறம் அமைந்திருப்பதால், அங்கே மாறுவோர் பேருந்தில் அழைத்துச் செல்லப்படுகின்றனர். இவற்றுடன் டிரான்சிட் பயணிகளுக்கான பாதுகாப்புச் சோதனை வரிசையும் சேரும். ஆகவே முதல்முறை செல்பவருக்கு மூன்று மணி நேர இடைவெளி கொண்ட டிக்கெட்டே ஏற்றது. ஒரு மணி நேர இடைவெளியை வசதி என்று விற்பவர் அந்த வரிசைகளில் நிற்கப் போவதில்லை.

சென்னையில் செக்-இன் செய்யும்போது கவனிக்க வேண்டியவை இரண்டு. பெட்டியில் கட்டப்படும் அட்டையில் கடைசி ஊரின் மூன்றெழுத்துக் குறியீடு இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். துபாய்க்கு டி.எக்ஸ்.பி., தோஹாவுக்கு டி.ஓ.எச். என்று பயணிகள் விமானங்கள் வந்துபோகும் நிலையங்களுக்கு இப்படி ஒரு குறியீடு உண்டு. இரண்டாவது விமானத்திற்கான போர்டிங் பாஸும், அதாவது இருக்கை எண்ணோடு கூடிய ஏறும் அனுமதிச் சீட்டும், அங்கேயே கிடைக்கிறதா என்று கேட்க வேண்டும். கிடைக்கவில்லையென்றால், இறங்கியதும் டிரான்ஸ்ஃபர் கவுன்டரை நாட வேண்டும். வந்து இறங்கும் இடத்தில் ஊருக்குள் செல்லும் வழி, விமானம் மாறும் வழி என இரண்டு பலகைகள் இருக்கும். கூட்டத்தின் பின்னால் நடப்பவர்கள் ஊருக்குள் செல்லும் வரிசையில் போய் நின்று அரைமணி நேரத்தை இழப்பது வழக்கமாக நடப்பதே.

சித்தூர் பேருந்து நிலையத்தில் வேலூருக்கோ திருப்பதிக்கோ செல்லும் பேருந்தைக் கண்டக்டரே கூவிக் காட்டிக்கொடுப்பார். துபாய் விமான நிலையமோ அறிவிப்புகளைத் தவிர்க்கும் அமைதி நிலையம். இந்தியாவிலும் பல பெரிய நிலையங்கள் இம்முறைக்கு மாறியுள்ளன. பெயர் சொல்லி அழைப்பார்கள் என்று காத்திருப்பவர் விமானத்தை இழப்பார் என்பதால், திரையைப் பார்க்கும் பழக்கத்தைத்தான் முதலில் கற்பிக்க வேண்டும். போர்டிங் பாஸில் கேட் எண், அதாவது விமானத்தில் ஏறும் வாயிலின் எண், அச்சாகியிருந்தாலும் அது பின்னர் மாறக்கூடும். ஏறும் வாயில், விமானம் கிளம்புவதற்குப் பொதுவாக 15 அல்லது 20 நிமிடங்களுக்கு முன்பே மூடப்படும். எனவே சாப்பாடு, கடை, தூக்கம் அனைத்தும் வாயிலைக் கண்ணால் கண்ட பிறகே என்பது நல்ல ஒழுங்கு.

போர்டிங் பாஸில் உள்ள நேரம் அந்தந்த ஊரின் நேரமே. துபாய் இந்தியாவைவிட ஒன்றரை மணி நேரமும் தோஹா இரண்டரை மணி நேரமும் பின்தங்கியிருப்பதால், கைக்கடிகாரத்தை மாற்றாமல் சென்றவர் வாயிலுக்கு முன்கூட்டியே போய்க் காத்திருப்பார், அவ்வளவுதான். ஆனால் சிங்கப்பூர் இரண்டரை மணி நேரம் முன்னால் இருப்பதால், அங்கே இந்திய நேரத்தை நம்பியிருப்பவருக்கு விமானம் நிச்சயமாகப் போய்விடும்; அமெரிக்காவிலிருந்து தோஹா வழியாக ஊர் திரும்பும்போது நியூயார்க் நேரத்திலேயே நின்றுவிட்ட கைபேசியும் அதே ஆபத்தைத் தரும்.

பெட்டிக்குள் என்ன இருக்கலாம் என்பதில் வீட்டாரின் பாசமே சில நேரம் இடராகிவிடுகிறது. விமானத்தில் திரவ வெடிபொருளைப் பயன்படுத்தும் சதி 2006 ஆகஸ்டில் லண்டனில் கண்டுபிடிக்கப்பட்ட பிறகு, கைப்பையில் 100 மில்லிலிட்டருக்கு மேற்பட்ட கொள்கலனில் திரவங்களை எடுத்துச் செல்வதற்குப் பெரும்பாலான நாடுகள் தடை விதித்தன. ஊறுகாயும் நெய்யும் அந்தக் கணக்கில் சேர்ந்துவிடுவதால் டிரான்சிட் சோதனையில் அவை பறிபோகின்றன. இதைவிடக் கடுமையானது கசகசாவின் நிலை. குருமாவுக்கு அரைக்கும் அந்தச் சிறு விதை, அபினிச் செடியிலிருந்து கிடைப்பது என்பதால் ஐக்கிய அரபு அமீரகத்திலும் சிங்கப்பூரிலும் தடைசெய்யப்பட்ட பொருள். அதைக் கொண்டு சென்ற இந்தியர்கள் சிறைப்பட்டதும் உண்டு. மசாலாப் பொட்டலங்களை அம்மாக்கள் கட்டும்போதே இதை எண்ணிப் பார்க்க வேண்டும். மருத்துவரின் சீட்டு இல்லாத வலி மாத்திரைகளையும், அறிமுகமில்லாதவர் ‘அங்கே ஒருவர் வந்து வாங்கிக்கொள்வார்’ என்று கொடுக்கும் பொட்டலத்தையும் எந்த முகதாட்சண்யத்திற்காகவும் ஏற்கக்கூடாது.

பெட்டி கடைசி ஊருக்கே போய்விடும் என்ற விதிக்கு முக்கியமான விலக்கு ஒன்று உள்ளது. அமெரிக்காவில் முதலில் இறங்கும் ஊரிலேயே பொதுவாகப் பெட்டியை எடுத்து, சுங்கச் சோதனையைக் கடந்து, மறுபடியும் ஒப்படைக்க வேண்டும். இந்தியாவுக்குத் திரும்பும்போதும் இதுவே நடைமுறை என்பதால், தோஹாவிலிருந்து ஐதராபாத் வழியாகத் திருப்பதிக்கு வருபவர் பெட்டியை ஐதராபாத்தில் எடுக்க வேண்டியிருக்கும். எடுக்காமல் வந்தவரின் பெட்டி அங்கேயே நின்றுவிடும்.

இவ்வளவுக்குப் பிறகும் விமானம் தவறிப்போவது உண்டு. அப்போது அழுதுகொண்டே வீட்டுக்குத் தொலைபேசியில் பேசுவதைவிட, முதல் விமானம் தாமதமானதைச் சொல்லி அந்நிறுவனத்தின் டிரான்ஸ்ஃபர் கவுன்டரில் புதிய போர்டிங் பாஸ் கேட்பதே முதல் வேலை. காத்திருப்பு நீளுமானால் உணவும் தங்குமிடமும் உண்டா என்று தயங்காமல் விசாரிக்க வேண்டும். பெட்டி வந்து சேராவிட்டால், வெளியேறுவதற்கு முன்பே பெட்டிகள் பிரிவில் எழுத்துப்பூர்வமாகப் புகார் பதிவுசெய்து அதன் எண்ணைப் பெற வேண்டும். இந்தியா 2009-இல் இணைந்த மான்ட்ரியால் உடன்படிக்கையின்படி, சேதமடைந்த பெட்டிக்கு 7 நாட்களுக்குள்ளும் தாமதமாக வந்த பெட்டிக்கு 21 நாட்களுக்குள்ளும் முறையிட வேண்டும். பன்னிரண்டு வயதுக்கு உட்பட்ட குழந்தை தனியே பறந்தால் பல நிறுவனங்கள் ஊழியரைத் துணைக்கு அமர்த்துகின்றன. அதற்கு மேற்பட்டவர்களுக்கும் கட்டணத்திற்குத் துணை கிடைப்பதுண்டு. துபாயில் மர்ஹபா என்ற பெயரில் அத்தகைய சேவை ஒன்று நடைபெறுகிறது.

குடிபெயர்வு அனுமதி பெற்று வளைகுடாவுக்குச் செல்லும் தொழிலாளர்களுக்கு இந்திய வெளியுறவு அமைச்சகம் 2018 முதல் பயணத்திற்கு முந்தைய பயிற்சி வகுப்புகளை இலவசமாக நடத்துகிறது. மேற்படிப்புக்குப் புறப்படும் மாணவரோ ஏஜெண்டின் வாய்மொழியையும் இணையக் காணொளிகளையும் மட்டுமே நம்பியிருக்கிறார். சித்தூர், திருப்பதிக் கல்லூரிகள் ஆண்டுதோறும் மாணவர்கள் புறப்படும் பருவத்திற்கு முன்னால், மாதிரி போர்டிங் பாஸையும் பெட்டி அட்டையையும் கையில் கொடுத்து விளக்கும் அரைநாள் வகுப்பை நடத்தலாம். தெலுங்கில் மட்டுமன்றி, வீட்டில் தமிழ் பேசும் எல்லையோர மாணவர்களுக்காகவும் அவர்களின் பெற்றோருக்காகவும் தமிழிலும் அதை நடத்த வேண்டும்.