கிரெமோனாவில் ஓரிரவு

கி.பி. 69இல் மட்டும் உரோமாபுரிக்கு நான்கு பேரரசர்கள், நேயர்களே! அவர்களுள் இறுதி இருவரான விற்றேலியஸ், வெஸ்பாசியன் ஆகியோரின் படைகள் இத்தாலியின் கிரெமோனா நகருக்கு அருகே இரவில் மோதின. பேரரசர் இருவருமே களத்தில் இல்லை. இரு பக்கமும் உரோமப் படையணிகள்; ஆயுதங்களும் ஒன்றே. அடிக்கடி கேட்டதால் குறிச்சொல்கூட எதிரிக்குத் தெரிந்துவிட்டது.

7ஆம் படையணி இளைஞன் ஒருவன் எதிரணி வீரனை வீழ்த்தி உடலைத் துழாவினான். தன்னைச் சிறுவனாக விட்டுப் படைக்குச் சென்ற தந்தை! கட்டியணைத்து அழுது, குழிதோண்டிப் புதைத்தான்.

வரலாற்றாசிரியர் தசிற்றஸ் அத்துடன் நிறுத்தவில்லை. கண்டவர்கள் போரைச் சபித்தார்கள். சபித்துக்கொண்டே உறவினரைக் கொன்று கொள்ளையிட்டார்கள் என்கிறார். வகுப்பில் இதைச் சொல்லும்போதெல்லாம் மகனைவிட, சுற்றிநின்ற அவர்களே என் கண்முன் வருகிறார்கள்.